டொகோலிசிஸ்: ‘பிரசவத் தடுப்பு’ வேண்டாம், ‘பிரசவப் பிற்போடல்’ என்போமா?

வணக்கம் அக்கா,

நம் கையேட்டுக்கான உங்கள் கலைச்சொல் பட்டியலில், குறைமாதத்தில் வரும் பிரசவ நோவை மருந்தால் அடக்கிவைக்கும் டொகோலிசிஸுக்குப் ‘பிரசவத் தடுப்பு’ என்று இருக்கிறது. எனக்கு அது சரிவரவில்லை. வெள்ளவத்தையில் யாரிடம் காட்டினாலும் குடும்பக் கட்டுப்பாடு என்றுதான் நினைப்பார்கள். கையேட்டின் அதே பக்கத்தில் இன்புளுவென்சா தடுப்பூசியும் வருகிறது. இரண்டு ‘தடுப்பு’ம் குழம்பும்.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்த மருந்து பிரசவத்தைத் தடுப்பதே இல்லை. பொதுவாக 34 வாரம் நிறையமுன் நோவு கண்டால், நிபெடிபின் குளிசை கொடுத்து 48 மணித்தியாலம் வரை தள்ளிப்போடப் பார்க்கிறார்கள். அதற்குள் பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்கு பீற்றாமெதசோன் ஊசி, 12 மில்லிகிராம் வீதம் 24 மணித்தியால இடைவெளியில் இரண்டு. குறைமாதப் பிள்ளைகளைப் பராமரிக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள வைத்தியசாலைக்குத் தாயை மாற்றவும் நேரம் கிடைக்கும்.

நம் கையேடு இன்புளுவென்சா, கொவிட் போன்ற தொற்றோடு வரும் கர்ப்பிணிகளுக்கானது. அவர்களுக்கு ஒட்சிசன் 95 சதவீதத்துக்குக் குறையாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. நோவை அடக்கக் கொடுக்கும் இன்னொரு வகையான டெர்பியூற்றலின் போன்ற மருந்துகள் இதயத் துடிப்பைக் கூட்டும், நுரையீரலில் நீர் கோக்கவும் வைக்கலாம். ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவருக்கு அது பெரிய ஆபத்து. காய்ச்சல் வைரஸால்தானா, கருப்பைக்குள்ளும் கிருமி போய்விட்டதா என்றும் பார்த்தாக வேண்டும். உள்ளே தொற்று என்றால் பிற்போடவே கூடாது. தாயின் நிலை மோசமாகிக்கொண்டு போனாலும் அப்படித்தான். ‘தடுப்பு மருந்து’ கொடுத்ததாகக் கேட்ட கணவரிடம் அடுத்த நாள் “இனிப் பிள்ளையை எடுக்க வேண்டும்” என்றால், மருந்து வேலை செய்யவில்லை என்றுதான் அவர் பயப்படுவார்.

அதனால் ‘பிரசவப் பிற்போடல்’. பரீட்சை பிற்போடப்பட்டது, கூட்டம் பிற்போடப்பட்டது என்று நாம் நாளும் வாசிக்கிற சொல். பிற்போட்டது நடக்கத்தான் போகிறது என்பது அதிலேயே இருக்கிறது. மருந்துக்குப் ‘பிற்போடு மருந்து’ என்று வைக்கலாம்.

சென்னை நண்பர் சொன்ன ‘நோவு தணிப்பு’ கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் வைத்தியசாலை விடுதியில் அதைச் சொன்னால் வலி நிவாரணி என்றே எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம் இன்னொன்று: மக்னீசியம் சல்பேற்றை இந்தத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் அக்கா. அதை இங்கே கொடுப்பது பிள்ளையின் மூளையைக் காக்க. கூடினால் தாயின் மூச்சை மந்தமாக்கும் என்பதால், சுவாசத் தொற்று உள்ளவருக்கு அதைத் தனியாக, எச்சரிக்கையோடு எழுத வேண்டும்.