கலைச்சொல் வேண்டும்: மீன் செதிலில் 'அன்னுலஸ்'

அன்புடையீர்,

ஏரி மீன்களின் வயதும் வளர்ச்சியும் பற்றிய பாட இயல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். செதிலை உருப்பெருக்கியில் வைத்தால் அடுக்கடுக்காக மெல்லிய கோடுகள் தெரியும், அவை 'சர்க்குலஸ்'. மீன் செழித்து வளரும்போது அவை தள்ளித் தள்ளி விழும், வளர்ச்சி தளரும்போது நெருங்கி விழும். அந்த நெருக்கம் முடிகிற ஓரம்தான் 'அன்னுலஸ்'. வயது சொல்ல எண்ணுவது அதைத்தான். நானோ இரண்டையும் 'வளையம்' என்று எழுதிவிட்டேன். இப்போது என் மூன்று வயது மீனுக்கு ஐம்பது வளையம்! கைகொடுங்கள்.

*

ஆண்டு வளையம். மரத்துக்கு அப்படித்தான் சொல்கிறோம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

*

> இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, ஐயா. இலத்தீனில் ஆண்டு 'அன்னுஸ்'. இதுவோ மோதிரத்தைக் குறிக்கும் 'ஆனுலுஸ்'. இடையில் ஒரு னகரம் கூடிவிட்டதால் இரண்டும் உறவு போலத் தெரிகின்றன, அவ்வளவுதான். மோதிரத்துக்கு நம்மிடம் 'ஆழி' இருக்கிறது, கணையாழியை மறந்துவிட்டோமா? ஆண்டும் வேண்டும் என்று அடம்பிடித்தால் 'ஆண்டாழி' என்போம். நன்னூல் சொன்னபடி உகரம் தானே ஓடிவிடும். இன்னும் பழமை வேண்டுவோர்க்கு 'யாண்டு' உண்டு. 'யாண்டு பலவாக' என்று பிசிராந்தையார் தொடங்கும் புறப்பாட்டு, வயதாகியும் நரை ஏன் இல்லை என்பதைப் பற்றியது. மீனுக்கும் நரை இல்லை. அதனால்தான் செதிலைப் பார்க்கிறோம். 'வளையம்', 'வலயம்' வழக்கைத் தனி மடலில் எழுதுகிறேன்.

*

ஆழி என்றால் கடலும்தானே? ஏரி மீனின் செதிலில் கடலா? சுருக்கமாக 'ஆண்டுவரி' போதாதா?

*

> 'ஆண்டுவரி' போதாதா?

மீனும் கட்ட வேண்டுமா?

*

வகுப்பில் இதை நடத்துகிறவன் என்ற முறையில் ஒரு சொல். சிக்கல் வளையத்தில் இல்லை, 'ஆண்டு' என்பதில்தான். குளிர்நாட்டு ஏரியில் ஆண்டுக்கு ஒரு குளிர்காலம், ஒரு தளர்ச்சி, ஒரு தடம். வெப்ப நாடுகளில் முட்டையிடும் பருவமும் இரைப் பஞ்சமும் தடம் பதிக்கும். ஆண்டுக்கு இரண்டு விழுவதும் உண்டு. குறியிட்டு விட்ட மீனை மறுபடி பிடித்தோ, மாதந்தோறும் செதிலின் ஓரத்தைக் கவனித்தோ, ஆண்டுக்கு ஒன்றுதான் என்று மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க வேண்டியதையே பெயராக வைத்துவிட்டால் மாணவன் எதைச் சோதிப்பான்? 'போலி ஆண்டு வளையம்' என்று வேறு எழுத வேண்டிவரும். போலி எது, ஆண்டா வளையமா? உதிர்ந்து முளைத்த செதிலின் நடுப்பகுதியில் எதுவுமே இராது. அதை எண்ணினால் மீன் இளமை திரும்பிவிடும். என் பரிந்துரை 'தளர்வரை'. வளர்ச்சி தளர்ந்த வரை, அதாவது கோடு. சொன்னவுடன் மாணவர்களுக்குப் புரிகிறது.

*

தளரும் வரை விவாதிப்போம் என்றல்லவா காதில் விழுகிறது! மேலும் வரை என்பது மலை, மூங்கில், எல்லை...

*

> மலை, மூங்கில், எல்லை

ஆழிக்குக் கடல் இருந்தபோது இந்தக் கவலை எங்கே போயிற்று?

*

கணையாழி அணிந்த எவரும் மூழ்கியதில்லை.

*

நண்பர்களே, பொழுது விடியப்போகிறது. 'ஆண்டு வளையம்' என்பதற்கே நான்கு பேர், அதையே வைத்துக்கொள்கிறேன். சர்க்குலஸ் 'செதில்வரி' ஆகிறது. ஆசிரியர் ஐயா சொன்னதற்காகப் போலியில் மட்டும் ஆண்டை எடுத்துவிட்டு 'போலி வளையம்' என்று எழுதுகிறேன். மெய்ப்பிக்கும் முறைகளைப் பற்றிய பத்தியை இயலின் முன்பகுதிக்கு நகர்த்த இசைவு கேட்டிருக்கிறேன். அடுத்த பக்கத்தில் மீனின் காதுக்குள் இருக்கும் சுண்ணக்கல் வருகிறது. 'செவிக்கல்' என்று எழுதிவிட்டேன். 'காதுக்கல்' என்றால் கம்மல் நினைவுக்கு வருகிறது. தயவுசெய்து இதற்கு யாரும் மறுமொழி எழுத வேண்டாம்.

*

முடிவை ஏற்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். என் வகுப்பில் தளர்வரைதான்.

*

> 'செவிக்கல்' என்று எழுதிவிட்டேன்

செவி, காது இரண்டில் எது முந்தியது என்று பார்த்தீர்களா?