நத்தை வழக்கில் வழக்குமூலம் இருந்ததா?

கரூர்க்காரன்: ஒப்பந்தம் இல்லாதவருக்கும் தயாரிப்பாளர் அஜாக்கிரதைக்குப் பொறுப்பு என்ற, பிரிட்டன் பிரபுக்கள் சபையின் டொனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் (1932) தீர்ப்பைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 1928 ஆகஸ்ட் 26, ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி ஊர்க் கஃபே. இஞ்சிக் குளிர்பானமான ஜிஞ்சர் பீருக்குக் காசு கொடுத்தது தோழி, குடித்தது டொனஹ்யூ. மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை விழுந்ததாம். 500 பவுண்டு கேட்டுத் தயாரிப்பாளர் ஸ்டீவன்சன் மேல் வழக்கு. ஒப்பந்தமே இல்லாத ஆள் மேல் என்ன வழக்குமூலம் (வழக்குப் போட உரிமை தரும் அடிப்படை)? நத்தை இருந்ததாகக் கடைசிவரை நிரூபிக்கவும் இல்லை.

சட்டக்கல்லூரி மாணவி: நிரூபணமெல்லாம் அப்புறம்தானே சார்? 'அவர் சொல்வது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் வழக்கு நிற்காது' என்பதுதான் ஸ்டீவன்சன் வாதம். வழக்குமூலம் காட்டாத பிராதை (வழக்கு மனுவை) நிராகரிக்கச் சொல்லும், நம்மூர் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7 விதி 11(அ) மாதிரி. பிராதில் இருப்பதை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

கரூர்க்காரன்: சரி, பிராதையே பார்ப்போம். 'அஜாக்கிரதை' என்று எழுதிவிட்டால் போதுமா? ஜிஞ்சர் பீர் பாட்டிலில் சுண்டெலி கிடந்ததாக வந்த வழக்குகள் 1929இல் அதே ஸ்காட்லாந்தில் தோற்றன, மறக்க வேண்டாம்.

முன்சீப் கோர்ட் வக்கீல்: அந்தப் பிராதைப் படித்தீர்களா? நத்தை சுலபமாக ஏறக்கூடிய இடத்தில் பாட்டில்களை வைத்தார்கள், நத்தை ஊர்ந்த பிசுபிசுப்புத் தடம் அங்கே அடிக்கடி தென்பட்டது, நிரப்பும் முன் சோதிக்கச் சரியான ஏற்பாடில்லை என்று விவரமாகவே இருக்கிறது. போதாததற்கு, உள்ளே தெரியாத கருங்கண்ணாடி பாட்டில். என்ன செய்தார்கள், எதைச் செய்யத் தவறினார்கள், அதனால் என்ன ஆனது, எல்லாம் வந்துவிட்டது. இங்கே பல பேர் 'பிரதிவாதியின் அஜாக்கிரதையால்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, ஜட்ஜ் கேட்கும்போது முழிக்கிறார்கள்.

கரூர்க்காரன்: விவரம் இருந்தால் கடமை வந்துவிடுமா? ஒப்பந்தத்தை விட்டு ஒரு படி தாண்டினால் ஐம்பது படி ஏன் தாண்டக்கூடாது என்ற பழைய கேள்விதான், அந்தத் தீர்ப்பில் மாறுபட்ட நீதிபதி பக்மாஸ்டர் பிரபுவுக்கும். டாம்லின் பிரபுவும் அவர் பக்கம். ஐந்து நீதிபதிகளில் இரண்டு பேர், லேசுப்பட்டதா?

சட்டக்கல்லூரி மாணவி: பெரும்பான்மைப் பக்கம் இருந்த அட்கின் பிரபுதான் வேலி போட்டாரே சார்! நடுவில் யாரும் சோதிக்க நியாயமான வாய்ப்பில்லாமல், ஆலையை விட்டுப் போனபடியே குடிப்பவர் கைக்கு வர வேண்டும். ஐம்பது படி எங்கே இருக்கிறது?

முன்சீப் கோர்ட் வக்கீல்: அதே பக்கம் இருந்த மக்மில்லன் பிரபு இன்னும் கறார். நத்தை கிடந்தது என்பதாலேயே அஜாக்கிரதை என்று ஊகிக்க முடியாது, பிராதில் சொல்லவும் வேண்டும், நிரூபிக்கவும் வேண்டும் என்றார். நிரூபிக்கவில்லை என்கிறாரே கரூர்க்காரர், தீர்ப்பு வந்த வருஷமே ஸ்டீவன்சன் இறந்துபோய், விசாரணைக்கே வராமல் சமரசமாகிவிட்டது. அதை வைத்துப் பிராதைக் குறை சொல்ல முடியாது.

கரூர்க்காரன்: பிராதை விடுகிறேன். பக்மாஸ்டரை விடமாட்டேன்.