படத்தை வைத்து நெடுங்கால் ஈயின் இனத்தைச் சொல்ல முடியுமா, முடியாதா?

முருங்கைமர_மேக்ரோ:
கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வீட்டுச் செம்பருத்தி இலைகளில் வந்து உட்காரும் பச்சை நெடுங்கால் ஈக்களை இரண்டு வருடமாகப் படமெடுக்கிறேன். அரிசி மணி நீளம்தான் இருக்கும், உடம்பு முழுக்க உலோகப் பளபளப்பு, இறகில் இரண்டு கறுப்புப் பட்டை. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி ‘காண்டிலோஸ்டைலஸ்’ என்று பேரினத்தைச் சொன்னது. அந்தப் பெயரில் நாற்பது படங்களைப் பதிவேற்றினேன். நேற்றுப் பார்த்தால் இங்கே ஒருவர் நாற்பதையும் ‘சயாப்போடினே’ என்ற துணைக்குடும்பத்துக்கு, அதாவது பல பேரினங்களை அடக்கிய பொதுப் பெயருக்கு, இறக்கிவிட்டிருக்கிறார். இறகுப் பட்டை அவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, இன்னும் என்ன வேண்டும்?

கண்ணாடிக்குடுவை:
இறக்கியது நான்தான். தனித்தனியாகக் காரணம் எழுதாதது என் தவறு, மன்னியுங்கள்.

காண்டிலோஸ்டைலஸ் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களின் பேரினம். செயலிக்கு அங்கிருந்து போன படங்கள் ஏராளம், அதனால் பச்சை உடம்பையும் பட்டை இறகையும் கண்டாலே அது அந்தப் பெயரைத்தான் சொல்லும். நம் தோட்டங்களில் சாதாரணமாகக் கிடைப்பவை கிரைசோசோமா, ஆம்ப்ளிசிலோப்பஸ் இரண்டும். கிரைசோசோமாவிலும் பட்டை இறகு உண்டு. உங்கள் படங்களில் எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். இறகின் நடு நரம்பு கிளை பிரிந்து முன்பக்கம் வளைகிறது, தலை உச்சி இரண்டு கண்களுக்கும் நடுவே குழிந்திருக்கிறது. இவை துணைக்குடும்பம் வரைதான் கொண்டுபோகும்.

அதற்குக் கீழே போக உணர்கொம்பைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். அதிலுள்ள நீண்ட மயிரிழை நுனியிலிருந்து கிளம்பினால் கிரைசோசோமா பக்கம் சாயலாம். மேல்விளிம்பிலிருந்து கிளம்பினால் ஆம்ப்ளிசிலோப்பஸை யோசிக்கலாம். உங்கள் படங்கள் முக்கால்வாசி மேலிருந்து எடுத்தவை.

முருங்கைமர_மேக்ரோ:
சரி, பேரினத்தை விடுங்கள். ‘படத்தால் முடியாது’ என்ற உங்கள் பொதுக் கொள்கையைத்தான் நான் ஏற்கவில்லை. பிரிட்டனில் பொய்சிலோபோத்ரஸ் நொபிலிடாட்டஸ் என்று ஒன்று இருக்கிறது. குட்டையோரச் சேற்றில் நின்று ஆண் இறகை விரித்துக் காட்டும், இறகு நுனி பளிச்சென்று வெள்ளை. அதை அங்கே சின்னப் பிள்ளை கைபேசியில் எடுத்தாலும் இனம் சொல்கிறார்கள். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

கண்ணாடிக்குடுவை:
நல்ல உதாரணம். ஆனால் அது என் கட்சிக்கு, ஐயா.

முதலில், நீங்களே ‘ஆண்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்ணுக்கு அந்த வெள்ளை நுனி கிடையாது. இரண்டாவது, பிரிட்டனில் நெடுங்கால் ஈக் குடும்பத்தில் மொத்தமே ஏறக்குறைய 300 இனங்கள். அவற்றைப் பிரித்தறிய 1978லேயே தனிக் கையேடு வந்துவிட்டது. எதெல்லாம் அங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பதால்தான் ‘வேறு எதுவும் இல்லை’ என்று சொல்ல முடிகிறது. உலகம் முழுக்க 7,000க்கு மேல் பெயரிட்டிருக்கிறார்கள், வெப்பமண்டலத்தில் பெயரில்லாமல் கிடப்பவை தனி.

அப்புறம், அங்கேயும் எல்லாமே அவ்வளவு சுலபமில்லை. டோலிகோபஸ் புளூமிப்பெஸ் ஆணின் நடுக்கால் பாதத்தில் முதல் கணு இறகுபோல இருபுறமும் மயிர் அடர்ந்திருக்கும். பார்த்ததும் ‘ஆகா, கால் சிறகு, புளூமிப்பெஸ்தான்’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் வால்பெர்கி, பாப்புலாரிஸ் என்ற இனங்களிலும் ஆணின் நடுக்கால் அலங்காரமானதுதான். அலங்காரம் எந்தக் கணுவில் நிற்கிறது, மற்ற கணுக்கள் என்ன நிறம் என்று பார்த்தாக வேண்டும். இவற்றின் பெண்கள் ஒன்றையொன்று அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். கண்ணுக்குப் பின்னாலிருக்கும் முள்மயிர் கறுப்பா மஞ்சளா, இறகடிச் செதிலின் விளிம்பு மயிர் என்ன நிறம் என்று லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆண்களின் கால், இறகு அலங்காரமெல்லாம் பெண்ணிடம் காட்டுவதற்கு. அதனால் கிட்டத்து உறவுள்ள இனங்களில்கூட அவை வெகுவாக வேறுபடும். அலங்காரமில்லாத இனங்களில் ஆணையும் வயிற்று நுனியில் முன்னோக்கி மடங்கிக் கிடக்கும் பிறப்புறுப்பை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அதைக் காரத்தில் ஊறவைத்துத் தெளிவாக்கி, கிளிசரினில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். செம்பருத்தி இலையில் உட்கார்ந்திருக்கிற ஈ அதைக் காட்டாது.

புக்கிட்_திமா:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இருவரும் பழைய சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இங்கே அலையாத்திக் காடுகளில் இந்தக் குடும்பம் கொட்டிக் கிடக்கிறது. 2002ல் ங்கிராஃபியம் என்று ஒரு புதிய பேரினத்தையே இங்கிருந்து விவரித்தார்கள். இவ்வளவையும் ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தால் ஆயுள் போதாது. ஒரு காலைக் கிள்ளி டிஎன்ஏ பார்கோடு, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் சின்ன டிஎன்ஏ துண்டு, எடுத்தால் முடிந்தது. பெண் யாருடைய பெண் என்பதும் தெரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற_ஈக்காரி:
தம்பி, கொஞ்சம் நில்லுங்கள். 35 வருடம் விலங்கியல் வகுப்பெடுத்தவள் நான். இப்படித்தான் ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் ஒரு ‘முடிந்தது’ வரும்.

ஈ வகையறாவில் பார்கோடு எவ்வளவு தூரம் பலிக்கிறது என்று 2006ல் ஓர் ஆய்வு வந்தது. 449 இனங்கள், 1,333 டிஎன்ஏ வரிசைகள். சரியாக அடையாளம் கண்டது 70 விழுக்காட்டுக்கும் கீழே. எழுதியவர்கள் உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்காரர்களேதான்! சமீபத்தில் பிரிந்த இரண்டு இனங்களுக்கு ஒரே பார்கோடு இருக்கலாம். ஒரே இனத்துக்குள்ளேயே வரிசைகள் எட்ட எட்டப் போகவும் செய்யலாம். தாய்வழி மட்டுமே இறங்கும் ஒரு துண்டை வைத்துக்கொண்டு குடும்பக் கதை முழுவதையும் சொல்ல முடியாது.

புக்கிட்_திமா:
அந்தக் கட்டுரை எனக்கும் தெரியும், அக்கா. அன்றைக்குத் தரவுத்தளம் சின்னது, பெயர் தப்பாக ஒட்டிய வரிசைகளும் இருந்திருக்கும். பெண்ணை ஆணோடு சேர்க்கிற வேலைக்கு இதைவிட நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற_ஈக்காரி:
அந்த ஒரு வேலைக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். முதலில் பார்கோடால் கும்பல் கும்பலாகப் பிரியுங்கள், பிறகு ஒவ்வொரு கும்பலிலும் ஓர் ஆணின் பிறப்புறுப்பைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாத இடத்தில்தான் சுவாரஸ்யமே.

முருங்கைமர_மேக்ரோ:
நீங்கள் மூவரும் பேசுவதில் ஈ ஏற்கெனவே செத்துப்போய்விட்டது, கவனித்தீர்களா? ஒரு பெயருக்காக நான் கொல்ல மாட்டேன்.

கண்ணாடிக்குடுவை:
கொல்ல வேண்டாம், நான் கட்டாயப்படுத்தவில்லை. பெயரைத் துணைக்குடும்பத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். கொல்லாமல் இருப்பது உங்கள் விருப்பம். அதற்காக இனப்பெயரை யாரும் சலுகையாகத் தர முடியாது.

வயல்வரப்பு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வயலில் ஒன்று பச்சையாக இருக்கிறது, இன்னொன்று செம்பு நிறம். அவை இரண்டு வேறு இனங்கள்தானே?

ஓய்வுபெற்ற_ஈக்காரி:
நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அது சாயமல்ல, மேல்தோலின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. வெயில் விழும் கோணம் மாறினால் அதே ஈ பச்சையாகவும் தெரியும், செம்பாகவும் தெரியும்.

ஆனால் இதில் மேக்ரோ தம்பிக்கு ஒரு விஷயத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும். உயிரோடு இருக்கும்போது இந்த ஈக்களின் கண்ணில் ஒரு மினுமினுப்பு இருக்கும், சிவப்பும் பச்சையுமாக. செத்துக் காய்ந்ததும் அது போய்விடும். என் பெட்டியில் குத்திவைத்தவை எல்லாவற்றுக்கும் கண் பழுப்புதான். உயிரோடு எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை, அந்தக் காலத்தில் பிலிம் விலை அப்படி.

கண்ணாடிக்குடுவை:
உண்மைதான். என் குடுவையிலும் அதே கதை.

முருங்கைமர_மேக்ரோ:
நாற்பதையும் பெரிதாக்கிப் பார்த்தேன். உணர்கொம்பு பக்கவாட்டில் தெரிவது ஏழில்தான். அதில் மூன்றில் மயிரிழை நுனியிலிருந்து கிளம்புகிறது, மூன்றுமே ஆண். மற்ற நான்கில் நிழல் விழுந்துவிட்டது. நாளைக்குத் தரையோடு தரையாகப் படுத்துத்தான் எடுக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ.

கண்ணாடிக்குடுவை:
அந்த மூன்றின் இணைப்பைப் போடுங்கள். நரம்பும் ஒத்துவந்தால் கிரைசோசோமா என்று நானே ஏற்றிவிடுகிறேன். மற்ற முப்பத்தேழும் அங்கேயே இருக்கட்டும்.

முருங்கைமர_மேக்ரோ:
முப்பத்தாறு. ஒன்று கொசு, இப்போதுதான் பார்த்தேன்.