43 நாள் ஷட்டவுன்: அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ஹெர்ண்டன் தமிழ்க் குடும்பங்கள் குழுவிலிருந்து

அக்டோபர் 25, 2025, சனி

முருகேசன் ஐயா: எல்லாருக்கும் வணக்கம். நான் லதாவின் அப்பா, பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கிறேன். வாஷிங்டன் போய் அருங்காட்சியகம் பார்க்கலாம் என்று இன்று கிளம்பினோம். 12ஆம் தேதியிலிருந்தே ஸ்மித்சோனியன் எல்லாம் பூட்டியிருக்கிறது, மிருகக்காட்சிசாலையும் இல்லை என்று பேத்தி சொல்கிறாள். இவ்வளவு பெரிய நாடு தன் அலுவலகங்களைத் தானே எப்படிப் பூட்டிக்கொள்கிறது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

சுந்தர்: வணக்கம் ஐயா. இங்கே நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கும். அதற்கு முன் காங்கிரஸ், அதாவது இங்குள்ள நாடாளுமன்றம், செலவு மசோதாக்களை நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் சில வாரங்களுக்குத் தற்காலிக மசோதா போடுவார்கள். கீழவை செப்டம்பர் 19இல் அப்படி ஒன்றை நிறைவேற்றியது. மேலவையான செனட்டில் அதற்கு 60 ஓட்டு வேண்டும். டிரம்பின் குடியரசுக் கட்சிக்கு 53 பேர்தான். அங்கே நின்றுவிட்டது. அதனால் அக்டோபர் 1 முதல் அரசு அலுவலகங்கள் மூடிவிட்டன. இதைத்தான் ஷட்டவுன் என்கிறார்கள்.

முருகேசன் ஐயா: நம் நாடாளுமன்றத்தில் செலவுக்குப் பணம் கொடுக்க மறுத்தால் ஆட்சி போய்விடும், அலுவலகம் ஓடும். இங்கே ஆட்சி இருக்கிறது, அலுவலகம் ஓடவில்லை.

சுந்தர்: முன்பு இப்படிக் கிடையாது ஐயா. நிதி தாமதமானாலும் துறைகள் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தன. கார்ட்டர் ஆட்சியில் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி 1980இல் ஒரு சட்டக் கருத்து கொடுத்தார். காங்கிரஸ் ஒதுக்காத பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்று 19ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி கதவை மூடித்தான் ஆக வேண்டும் என்றார். உயிர், உடைமைப் பாதுகாப்புக்கு மட்டும் விலக்கு. அதனால்தான் விமானக் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமில்லாமல் வேலைக்குப் போகிறார்கள். நான் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கிறேன்.

நித்யா: அண்ணா, நேற்று உங்களுக்கு ஒன்றுமே வரவில்லையா?

சுந்தர்: இல்லை. இதற்கு முந்தைய சம்பளம் பாதி வந்தது. நேற்று பேஸ்லிப்பில் பூஜ்யம். ஆனால் 2019 சட்டப்படி ஷட்டவுன் முடிந்ததும் எங்களுக்குப் பேக் பே, அதாவது நின்றுபோன நாட்களின் சம்பளம், உண்டு. டிரம்ப் முதல் ஆட்சியில் அவரே கையெழுத்திட்ட சட்டம் அது. இந்த மாதத் தொடக்கத்தில் வெள்ளை மாளிகை பட்ஜெட் அலுவலகம் "அது தானாக வராது" என்று ஒரு குறிப்பு தயாரித்ததாகச் செய்தி வந்ததிலிருந்து வீட்டில் தூக்கம் போய்விட்டது.

கவிதா: உங்களுக்காவது சட்டம் இருக்கிறது அண்ணா. நான் கான்ட்ராக்டர், தனியார் கம்பெனி மூலம் அரசு வேலை பார்ப்பவள். அதே கட்டடத்தில் அதே வேலை. அக்டோபர் 2ஆம் தேதி வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. இருந்த லீவை எல்லாம் எடுத்துத் தீர்த்துவிட்டேன். இனி வரும் நாட்களுக்குப் பணம் கிடையாது, பிறகும் கிடைக்காது.

ரவி: கவிதா, கடையில் என்ன வேண்டுமோ எடுத்துக்கொள். கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

கவிதா: நன்றி ரவி அண்ணா. இப்போதைக்குச் சமாளிக்கிறேன். எனக்கு எங்கள் கட்டடத்தின் கேன்டீன் பெண்களைப் பற்றித்தான் கவலை. அவர்களும் கான்ட்ராக்ட்தான். சேமிப்பு இருக்காது.

நவம்பர் 1, சனி

லதா: நான் வாராவாரம் போகும் உணவு வங்கியில் இன்று வரிசை சாலை வரைக்கும் வந்துவிட்டது. வழக்கமாக வருபவர்கள் பாதி, கழுத்தில் அரசு அடையாள அட்டையோடு முதல் முறை வந்தவர்கள் பாதி. அரிசி, பருப்பு, பாஸ்தா, டயப்பர் உடனே வேண்டும். ஞாயிறு மாலைக்குள் என் வீட்டு வாசலில் வைத்துவிடுங்கள்.

நித்யா: ஏழைகளுக்கு அரசு தரும் உணவு உதவி, அந்த ஃபுட் ஸ்டாம்ப், இன்றோடு நின்றுவிட்டதா அக்கா?

லதா: மத்திய அரசு நவம்பர் பணத்தை அனுப்பவில்லை. நாடு முழுக்க ஏறக்குறைய 4.2 கோடிப் பேர், எட்டுப் பேரில் ஒருவர். சராசரியாக ஒருவருக்கு மாதம் 187 டாலர்தான் வருகிறது. அதைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். வர்ஜீனியாவில் 8.5 லட்சம் பேர் இருக்கிறார்கள். ஆளுநர் யங்கின் நெருக்கடி நிலை அறிவித்து, மாநிலப் பணத்திலிருந்து வாராவாரம் கார்டில் போடப்போவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை முதல் வரும். எல்லா மாநிலமும் இப்படிச் செய்யவில்லை.

ரவி: யங்கின் குடியரசுக் கட்சிக்காரர் என்பதையும் சொல்லுங்கள்.

லதா: சொல்கிறேன் ரவி. நல்ல காரியம் செய்தார், அதில் எனக்குத் தயக்கமில்லை.

ரவி: செனட்டில் ஜனநாயகக் கட்சியினர் ஓட்டுப் போட்டிருந்தால் இது ஒன்றுமே வந்திருக்காது. தற்காலிக மசோதாவில் பெரிதாக எதுவும் சேர்க்கவில்லை. பைடன் காலத்தில் இப்படிப்பட்ட மசோதாக்களுக்கு அவர்களே பலமுறை ஓட்டுப் போட்டார்கள். தனியாகக் காப்பீடு வாங்குபவர்களுக்கான கூடுதல் மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை என்றால், அரசாங்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பேசலாம்.

லதா: திறந்து வைத்துக்கொண்டு கேட்டபோது யார் பேசினார்கள்? அந்தக் கூடுதல் மானியம் டிசம்பர் 31இல் முடிகிறது. இன்று முதல் அடுத்த வருடக் காப்பீட்டுக்குப் பதிவு. மக்கள் இன்றைக்கே புதிய விலையைப் பார்க்கிறார்கள். ஜனவரியில் பேசி என்ன பயன்? அப்புறம் இன்னொன்று. உணவுத் திட்டத்துக்கு அவசர நிதி என்று சுமார் 500 கோடி டாலர் இருந்தது. அதைத் தொட மாட்டோம் என்றார்கள். நேற்று மாசசூசெட்ஸிலும் ரோட் ஐலண்டிலும் இரண்டு நீதிபதிகள், அப்படி நிறுத்த முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு செனட்டில் யார் ஓட்டும் தேவையில்லை.

ரவி: அந்தப் பணம் ஒரு மாதத்துக்குப் போதாது.

லதா: பாதி மாதத்துக்கு வருமே. வரிசையில் நிற்பவருக்குப் பாதி மாதம் பெரிய விஷயம்.

முருகேசன் ஐயா: இரண்டு பேரும் நியாயம் பேசுகிறீர்கள். ஆனால் ஓட்டுப் போடாதவர்களுக்கும், பணத்தை எடுக்காதவர்களுக்கும் இந்த மாதம் சம்பளம் வந்ததா?

சுந்தர்: காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு வரும் ஐயா. அரசியலமைப்பிலேயே அவர்கள் சம்பளத்துக்கு வழி இருக்கிறது. வாங்க மாட்டோம் என்று சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நித்யா: எங்கள் வீட்டில் வேறு விதமான அடி. என் கணவருக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்து, எச்1பி வேலை விசாவை மாற்ற வேண்டும். அதற்கு முதலில் தொழிலாளர் துறையில் எல்சிஏ என்ற ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தப் பிரிவு அக்டோபர் முழுக்க மூடியிருந்தது. நேற்றுதான் இணையதளம் திறந்தது. கிரீன் கார்டுக்கு முதல் படியான பெர்ம் என்ற மனுக்களும் அங்கேதான் நின்றன.

சுந்தர்: இன்றே போடச் சொல்லு. எல்லாரும் ஒரே நேரத்தில் போடுவார்கள்.

நவம்பர் 3, திங்கள்

ரவி: லதா, அரிசி 20 மூட்டையும் துவரம் பருப்பு 10 பெட்டியும் கடைப் பையன் கொண்டுவருவான். யார் கொடுத்தது என்று எழுத வேண்டாம்.

லதா: ரொம்ப நன்றி ரவி.

ரவி: நான் முதலில் நினைத்தது வேறு. ஃபுட் ஸ்டாம்ப் பணம் வரும் ஈபிடி கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதம் 10 சதவீதம் தள்ளுபடி என்று பலகை வைக்கலாம் என்றிருந்தேன். நேற்று வேளாண் துறையிலிருந்து கடைக்காரர்களுக்கு மின்னஞ்சல் வந்தது. கார்டு வாடிக்கையாளருக்கும் மற்றவருக்கும் ஒரே விலை, தனிச் சலுகை விதிமீறல் என்று. விதி பழையதுதான், கார்டுக்காரர்களிடம் கூடுதல் விலை வாங்கக் கூடாது என்பதற்காக வந்தது. அதை இந்த வாரம் ஞாபகப்படுத்தியதுதான் என்னால் ஏற்க முடியவில்லை. மாதத் தொடக்கத்தில் வரும் ஆப்கன் குடும்பங்கள் யாரையும் இன்னும் காணவில்லை.

லதா: அகதிகளாக வந்து இன்னும் கிரீன் கார்டு கிடைக்காதவர்கள் ஷட்டவுன் முடிந்தாலும் அந்தக் கார்டோடு கடைக்குத் திரும்ப வர முடியாது. ஜூலை 4இல் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரி, செலவுச் சட்டத்தில் அவர்களை உணவுத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ரவி: அது எனக்குத் தெரியாது.

நவம்பர் 7, வெள்ளி

லதா: அப்பாவுக்கு 16ஆம் தேதி இங்கே பக்கத்து டல்லஸ் (Dulles) விமான நிலையத்திலிருந்து விமானம். இன்று முதல் விமானங்களைக் குறைக்கிறார்கள் என்கிறார்களே, சுந்தர்?

சுந்தர்: 40 விமான நிலையங்களில் இன்று 4 சதவீதம், அடுத்த வாரம் 10 சதவீதம் வரை போகலாம். டல்லஸ், ரீகன், பால்டிமோர் மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் வெளிநாட்டு விமானங்களைத் தொடவில்லை. ஐயா நேரே தோஹாதானே போகிறார்? பயமில்லை. செக்யூரிட்டி வரிசைக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள்.

நித்யா: எங்கள் தெருவில் விமான நிலையத்தில் பயணிகளைச் சோதிக்கும் டிஎஸ்ஏ ஊழியர் ஒருவர் இருக்கிறார். காலையில் விமான நிலையம், இரவில் உணவு டெலிவரி. நேற்று எங்களுக்குப் பார்சல் கொண்டுவந்தவர் அவர்தான்.

சுந்தர்: 2019இல் எப்படி முடிந்தது என்று நினைவிருக்கிறதா? ஜனவரி 25ஆம் தேதி, இங்கே பக்கத்து லீஸ்பர்க்கில் உள்ள விமானக் கட்டுப்பாட்டு மையத்திலும் ஜாக்சன்வில்லிலும் ஆள் குறைந்து, நியூயார்க் லகார்டியாவில் விமானங்கள் நின்றன. அன்று மாலையே சமரசம் வந்தது. 35 நாள் கழித்து. இந்த முறை அதையும் தாண்டிவிட்டோம்.

கவிதா: விமானம் தாமதமானால் மறுநாள் சமரசம் பேசுகிறார்கள். கேன்டீன் மூடினால் யாரும் பேசுவதில்லை.

நவம்பர் 13, வியாழன்

சுந்தர்: அரசாங்கத்தைத் திறக்கும் மசோதா நேற்று இரவு கையெழுத்தாகிவிட்டது. கீழவையில் 222க்கு 209. இன்று காலை வேலைக்கு வந்துவிட்டேன். பேக் பே உண்டு என்று மசோதாவிலேயே எழுதிவிட்டார்கள். அக்டோபரில் பணிநீக்கக் கடிதம் கொடுத்ததையும் திரும்பப் பெறுகிறார்கள். இந்தத் தற்காலிக நிதி ஜனவரி 30 வரைதான்; அதுவரை புதிதாக யாரையும் நீக்க முடியாது.

நித்யா: நல்ல செய்தி அண்ணா!

சுந்தர்: இதில் நம் செனட்டர் டிம் கெய்னுக்குப் பங்கு உண்டு. பணிநீக்கம் பற்றிய வாசகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் அவர் ஆதரித்தார். ஜனநாயகக் கட்சிப் பக்கத்திலிருந்து வந்த 8 பேரில் அவர் ஒருவர். குடியரசுக் கட்சியில் ஒருவர் எதிர்த்தாலும் அதோடு 60 ஆனது.

லதா: நம் இன்னொரு செனட்டர் மார்க் வார்னர் எதிர்த்து ஓட்டுப் போட்டார். எனக்கு அவர் செய்ததுதான் சரி. 43 நாள் எதற்காக இவ்வளவு பேர் பட்டினி கிடந்தார்கள்? காப்பீட்டு மானியத்துக்கு. அதற்குக் கிடைத்தது, டிசம்பரில் செனட்டில் ஓட்டெடுப்பு நடத்துவோம் என்ற வாக்குறுதி. கீழவையில் அதுவும் இல்லை.

சுந்தர்: லதா, நான் வீட்டுக் கடன் தவணையைத் தள்ளிப்போட்டவன். இன்னும் ஒரு மாதம் இழுத்திருந்தாலும் மானியம் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கெய்ன் தன் மாநில ஊழியர்களைப் பார்த்தார். உணவுத் திட்டத்துக்கு அடுத்த செப்டம்பர் வரை முழு வருட நிதியும் வந்துவிட்டது. ஜனவரியில் மறுபடி மூடினாலும் அந்தக் கார்டுகள் நிற்காது. அது சின்ன விஷயமில்லை.

லதா: அதை ஒப்புக்கொள்கிறேன். வரிசையில் நிற்பவர்களிடம் இன்றைக்கே சொல்ல வேண்டிய செய்தி அது.

ரவி: என் காப்பீட்டு விலையை நேற்று பார்த்தேன். கடைக்காரனுக்குக் கம்பெனி காப்பீடு இல்லையே, மாநிலச் சந்தையில்தான் வாங்குகிறேன். வருமானம் வறுமைக்கோட்டின் நான்கு மடங்கைத் தாண்டினால் ஜனவரி முதல் மானியம் முழுவதும் போய்விடுகிறது. எங்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் ஏறுகிறது.

லதா: மானியம் வாங்குபவர்கள் கட்டும் தொகை சராசரியாக வருடம் 888 டாலரிலிருந்து 1,904 ஆகும் என்று கேஎஃப்எஃப் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. 2.2 கோடிப் பேர் இந்த மானியத்தில் இருக்கிறார்கள்.

ரவி: விலை ஏன் இவ்வளவு என்று மருத்துவமனைகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் கேட்காமல் மானியத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போவது சரியில்லை என்பதுதான் இன்றும் என் கருத்து. ஆனால் ஜனவரியில் நான் இவ்வளவு கட்டப்போகிறேன் என்பதும் உண்மை.

கவிதா: எல்லாரும் பேசி முடித்தால் ஒன்று சொல்கிறேன். நானும் நாளை வேலைக்குப் போகிறேன். சுந்தர் அண்ணாவுக்கு 43 நாள் சம்பளம் வரும். அது நியாயம், சந்தோஷம். எனக்கு வராது. தரை துடைப்பவர், காவலாளி, கேன்டீன் பெண்கள், யாருக்கும் வராது. இந்த மசோதாவில் எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. குறைந்த சம்பள கான்ட்ராக்ட் ஊழியர்களுக்குப் பேக் பே கொடுக்க 2019இலிருந்து காங்கிரசில் மசோதா கொண்டுவருகிறார்கள், நிறைவேறவே இல்லை. ஜனவரி 30க்கு இன்னும் பதினொரு வாரம்தான்.

முருகேசன் ஐயா: கவிதா, இதை ஒரு மனுவாக எழுது. நான் 30 வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மனு எழுதச் சொல்லிக் கொடுத்தவன். யார் யாருக்குப் போக வேண்டும்?

சுந்தர்: கெய்ன், வார்னர், நம் தொகுதி உறுப்பினர் ஜேம்ஸ் வாக்கின்ஷா. ஜெரி கானலி இறந்த பிறகு செப்டம்பர் இடைத்தேர்தலில் வந்தவர். அவர் அலுவலகத்தில் நேரிலும் கொடுக்கலாம்.

லதா: சனிக்கிழமை மாலை 4 மணிக்கு எங்கள் வீடு. கவிதா, கேன்டீன் பெண்கள் யாராவது வர முடியுமா என்று கேள். அவர்கள் சொல்வதை அவர்கள் வாயாலேயே எழுதிக்கொள்ளலாம். கூப்பிட்டு வர என் கார் இருக்கிறது.

கவிதா: இரண்டு பேர் வருவார்கள். பெயர் போட வேண்டாம் என்பார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரவி: இந்த மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன், கடை முத்திரையோடு. காப்பீட்டு விஷயத்தை இதில் கலக்காதீர்கள். அதைத் தனியாக எழுதுங்கள், அதில் நான் வேறு மாதிரி எழுதுவேன்.

லதா: சரி ரவி. தனித்தனியாகவே எழுதலாம். சனிக்கிழமை 4 மணி.