புது டர்போவுக்குப் பழைய ஆயில் பைப்: பட்டவர்கள் சொல்லுங்கள்

பழையவண்டி:
ஒரே காரில் இரண்டு டர்போவை (எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாதனம்) பறிகொடுத்தவன் நான். முதலாவது வயதாகிப் போனது. இரண்டாவது என் கருமித்தனத்தால் போனது.

டீசல் வண்டி. ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியதும் டர்போ ஊளையிடத் தொடங்கியது, பின்னால் நீலப் புகை. கழற்றித் தண்டை விரலால் ஆட்டினால் சக்கரம் உறையில் உரசியது. புது டர்போ விற்றவர், "டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் பைப்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்" என்றார். இன்னொரு சாமானைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பழைய பைப்பை வாயில் வைத்து ஊதினேன், காற்று தாராளமாகப் போனது. டீசலில் நன்றாக அலசி, பழைய செம்பு வாஷரையே திருப்பிப் போட்டு மாட்டிவிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் அதே ஊளை. உத்தரவாதம் இருக்கிறதே என்ற தைரியத்தில் விற்றவரிடமே கொண்டுபோனேன். அவர் பிரித்து, பேரிங் உட்காரும் இடத்தில் தண்டு நீலம் பாய்ந்திருப்பதைக் காட்டினார். "இது ஆயில் கிடைக்காமல் வெந்த தண்டு. பைப் மாற்றிய ரசீது இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. உத்தரவாதமும் இல்லை.

வீட்டுக்கு வந்து பைப்பை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தேன். நுனிகள் இரண்டும் சுத்தம். எக்ஸாஸ்ட்டை ஒட்டி வளைகிற இடத்தில் மட்டும் உள்சுவர் முழுக்கக் கரி. நடுவில் மிஞ்சியிருந்த வழி ஒரு குண்டூசி நுழையும் அளவு. ஊதும் காற்றுக்கு அது போதும்; காலைக் குளிரில் கெட்டியாக இருக்கும் ஆயிலுக்குப் போதுமா?

கிரீஸ்கை:
ஊதிப் பார்ப்பது எங்கள் பட்டறையிலும் இருந்த பழக்கம்தான், வெட்கப்பட வேண்டாம்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, சிறிய டர்போக்களில் இரண்டு லட்சத்தையும் தாண்டும். சாதாரண டர்போவில் அந்தத் தண்டு உலோகத்தில் உட்கார்ந்து சுற்றுவதில்லை, ஆயில் படலத்தில் மிதக்கிறது. படலம் சில விநாடி அறுந்தாலே போதும். அந்த ஆயில்தான் சூட்டையும் எடுத்துப்போகிறது, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கரி எப்படி வருகிறது? வேகமாக ஓட்டி வந்து உடனே எஞ்சினை நிறுத்துகிறோம். பம்ப் நின்றுவிட்டது, பைப்பில் நிற்கும் ஆயில் நகரவில்லை, பக்கத்தில் எக்ஸாஸ்ட் கொதித்துக்கொண்டிருக்கிறது. நின்ற இடத்திலேயே வெந்து சுவரில் ஒட்டுகிறது. வருடக்கணக்கில் இப்படி ஒரு படலத்தின் மேல் இன்னொரு படலம்.

அலசியதுதான் உங்கள் பெரிய தவறு என்பேன். அலசினால் கரி முழுதும் போகாது, பாதி இளகும். இளகியது ஆயில் அழுத்தத்தில் பெயர்ந்து நேராகப் புது பேரிங்குக்குள் போகும். அரைகுறைச் சுத்தத்தைவிடச் சும்மா விட்டிருக்கலாம். கம்பி விட்டுக் குடைகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று: சில எஞ்சின்களில் பைப்பை இறுக்கும் துளைபோட்ட போல்ட்டுக்குள் சின்னதாக ஒரு வலை வடிகட்டி இருக்கும். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. புது பைப் போட்டு, பழைய போல்ட்டை அப்படியே முறுக்கினால் அடைப்பும் கூடவே திரும்பி வந்துவிடும்.

இரவுப்பயணி:
என் கதை மறுபக்கம், ஆயில் திரும்பி வரும் பைப்பில். புது டர்போ போட்ட முதல் நாளே நீலப் புகை. டர்போ கோளாறு என்று சண்டை போட்டு மாற்றி வாங்கினேன். மாற்றிய டர்போவும் புகைத்தது. கடைசியில் பார்த்தால், திரும்பும் பைப்புக்குப் பதிலாகப் பொருத்தியவர் ஏதோ ரப்பர் குழாய் போட்டிருந்தார். அது சூட்டில் தொய்ந்து, நடுவில் மடிந்து கிடந்தது.

அந்தப் பக்கம் பம்ப் கிடையாது. ஆயில் தன் எடையால் எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்க வேண்டும், அதுவும் நுரைத்துப்போய் இறங்குகிறது. அதனால்தான் அந்தக் குழாய் பருமனாக, கூடியவரை செங்குத்தாக இருக்கிறது. வழி அடைத்தால் ஆயில் டர்போவுக்குள்ளேயே தேங்கி, சீல் வழியாகப் பிதுங்கி எரிகிறது. அந்த சீல் ரப்பர் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற வளையம்; தேங்கி நிற்கும் ஆயிலைத் தடுக்க அதனால் ஆகாது. இரண்டு டர்போவும் குற்றமற்றவை. முதலாவதை விற்றவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

சின்னஸ்பேனர்:
திரும்பும் பைப்பின் இணைப்பில் வைக்கும் கேஸ்கெட் தகட்டில் கசியக் கூடாதென்று சிலிகான் பசையைத் தாராளமாகத் தடவினேன். வெளியே பிதுங்கியதைத் துடைத்தேன். உள்ளே பிதுங்கியதை யார் துடைப்பது? இதற்கு மேல் எழுத மனமில்லை.

சந்தேகி:
எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். என் பெட்ரோல் காரில் டர்போ மாற்றியபோது பழைய பைப்பையே சுத்தம் செய்து போட்டேன். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. பைப் விற்பவர்களுக்கு நாம் ஏன் விளம்பரம் செய்ய வேண்டும்?

கிரீஸ்கை:
ஓடியிருக்கும். உங்கள் பைப் குட்டையாக, எக்ஸாஸ்ட்டிலிருந்து விலகி, டர்போவும் தண்ணீரால் குளிர்வதாக இருந்தால் கரி குறைவாகத்தான் பிடிக்கும். திரும்பும் பைப் உலோகமாக இருந்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வெளிச்சம் தெரிந்தால் நானும் சுத்தம் செய்துதான் போடுகிறேன். ஆயில் கொண்டுபோகும் மெல்லிய பைப்பை மட்டும் நம்ப மாட்டேன். வளைவுக்குள் எட்டிப் பார்க்க எனக்குக் கண் இல்லை.

மாட்டிய பிறகும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். திரும்பும் பைப்பைக் கழற்றி ஜாடிக்குள் விட்டு, எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, குறித்த நேரத்தில் எவ்வளவு ஆயில் சேர்கிறது என்று அளப்பேன். கையேட்டில் சொன்ன அளவு வராவிட்டால் வண்டி வெளியே போகாது.

பழையவண்டி:
மூன்றாவது டர்போவுக்கு எல்லாம் புதிது: இரண்டு பைப், போல்ட், வாஷர், கேஸ்கெட், ஆயில், ஃபில்டர். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கியிருந்த ஆயிலையும் வடித்தேன், டீசல் எஞ்சின் அதைக் குடித்து நிற்காமல் ஓடும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயில் ஊற்றிக் கையால் சக்கரத்தைச் சுற்றினேன். இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் ஓட்டினேன். பிறகுதான் எஞ்சினை எழுப்பி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சில நிமிடம் விட்டேன். எட்டு மாதமாகச் சத்தமில்லை.

கிரீஸ்கை:
சம்ப்பைக் கழற்றினீர்களா? பைப்பில் அவ்வளவு கரி என்றால் ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையில் எவ்வளவு இருக்கும்?

பழையவண்டி:
கழற்றவில்லை. இன்று வண்டியை எடுக்கவில்லை, ஜாக்கியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.