வெங்காய வேர் ஸ்லைடு பாத்தவங்க யாராவது உதவுங்க
எம்எஸ்சி பாட்டனி ப்ராஜெக்ட்டுக்கு குளோர்பைரிபாஸ்ங்கிற பூச்சி மருந்து கலந்த தண்ணில சின்ன வெங்காயத்த வேர் விட வச்சு, நுனிய வெட்டி அசிட்டோகார்மைன் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாக்குறேன். நல்ல தண்ணில வளந்த வேர் வெள்ளையா நீளமா இருக்கு, மருந்துல இருந்தது குட்டையா நுனி பழுப்பேறி கெடக்கு, பிரியுற செல்லும் ரொம்ப கம்மி. வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்தான், பெருசாவும் இருக்கும், ஆனா இதுல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டியா தெரியுது, அனாஃபேஸ்ல (குரோமோசோம் ரெண்டு பக்கமா பிரிஞ்சு போற கட்டம்) நடுவுல பாலம் மாதிரி இழை வேற. இது மருந்தோட வேலையா, இல்ல ஸ்லைட அழுத்தினதுல வந்ததான்னு எப்படி பிரிச்சு பாக்குறது? மருந்துலேர்ந்து எடுத்து நல்ல தண்ணில வச்சா வேர் தேறுதான்னும் பாக்கணும், எவ்ளோ நேரம் விடணும்? விவசாயிங்க வயல்ல அடிக்கிற மருந்து இது, ரிசல்ட் சரியா வந்தே ஆகணும். செஞ்சவங்க ஸ்லைடு போட்டோ இருந்தா போடுங்க ப்ளீஸ்.