பின்னம் கழித்தல், விடை ஒத்து வரல, அவசரம்

காட்பாடி ஜங்ஷன்: யாராச்சும் இருக்கீங்களா, நாளைக்கு பொண்ணுக்கு கணக்கு டெஸ்ட், 1/6, 3/4 கழிக்கிற கணக்கு, நானும் அவளும் போட்டா 7/12 வருது, புக்கு பின்னாடி 5/12னு கீது, மூணு வாட்டி போட்டாச்சு, எங்க தப்புனு சீக்கிரம் சொல்லுங்க

பாலாத்து மணல்: எதுலருந்து எதை? 1/6லருந்து 3/4 போனா மைனஸ்ல தான் வரும். எந்த கிளாஸ்?

முள்ளு கத்திரி: 3/4லருந்து 1/6னா 7/12 தான்பா. 9/12ல 2/12 போச்சு. புக்குல பிரிண்டிங் மிஸ்டேக், நான் பாத்துகிறேன் நெறைய கீது

கோட்டை அகழி: எல்சிஎம்லாம் எதுக்கு, குறுக்கால பெருக்குங்க. 18ல 4 போனா 14, கீழ 24. சுருக்கினா அதே 7/12.

முள்ளு கத்திரி: வேலூர்லருந்து ஆற்காடு போக திருவண்ணாமலை சுத்திப் போவியா நீ? 12 இருக்கும்போது 24 எதுக்கு

ரிட்டயர்டு வாத்தி: கணக்கையே முழுசா எழுதாம விடை கேட்டா எப்படி? பகுதியைச் சமமாக்காம தொகுதியில கை வைக்கக் கூடாது, இதே பதிலை எத்தனை தடவை எழுதறது. முழு கணக்கைப் போடும்மா.

காட்பாடி ஜங்ஷன்: முன்னாடி 5ம் 2ம் இருக்கு சார், அது முழு நம்பர் தானே, ஈசியா 3 வந்துச்சு அதான் எழுதல. 5 1/6ல 2 3/4 கழிக்கணும். புக்குல 3க்கு பதிலா 2னு இருந்துச்சு, அதுவும் தப்புனு நெனச்சேன்

பாலாத்து மணல்: அடக் கடவுளே, மேட்டரே அங்க தான்மா. 2/12லருந்து 9/12 போகாது, பாப்பா திருப்பிப் போட்டு 9ல 2 கழிச்சிட்டா. 5லருந்து ஒண்ணு கடன் வாங்கணும், அந்த ஒண்ணு 12/12. 5 வந்து 4 ஆயிடும், 2/12 வந்து 14/12. அப்புறம் 14ல 9 போனா 5, 4ல 2 போனா 2. விடை 2 5/12. கடன்னு சொன்னா பழக்கத்துல 10 வாங்கிடுவா, 12 பங்குனு அழுத்திச் சொல்லுங்க

கோட்டை அகழி: கடனே வேணாம். 31/6, 11/4னு மாத்துங்க. 62/12ல 33/12 போனா 29/12, அதே 2 5/12 தான்.

மண்டி தெரு: எங்க தாத்தா குடியாத்தம் சந்தைல வாயாலயே கழிப்பாரு, முக்கால்ல அரைக்கால் (8ல ஒண்ணு) போனா அரையே அரைக்கால்னு. மாகாணினா 80ல ஒண்ணு, இந்த காலத்து புள்ளைங்களுக்கு தெரியுமா?

ரிட்டயர்டு வாத்தி: 80ல ஒண்ணு காணி. மாகாணி 16ல ஒண்ணு. தெரியாம எழுதாதீங்க.

மண்டி தெரு: 16ல ஒண்ணு வீசம் சார்

ரிட்டயர்டு வாத்தி: ரெண்டும் ஒண்ணு தான்.

முள்ளு கத்திரி: அந்த பழைய கணக்குல முந்திரினா 320ல ஒண்ணு, 320 ஆறால வகுபடாது. உங்க தாத்தா 1/6 எப்படி கழிச்சிருப்பாரு?

மண்டி தெரு: தாத்தாவ இழுக்காதபா

காட்பாடி ஜங்ஷன்: வந்துடுச்சு, 2 3/4 கூட கூட்டிப் பாத்தா 5 1/6 சரியா வருது. கரண்ட் போச்சு, அப்புறம் வரேன். தேங்க்ஸ்

மண்டி தெரு: வீசமும் மாகாணியும் ஒண்ணு தானான்னு காலைல பெரியப்பாவ கேட்டு சொல்றேன்